எள்ளளவு சாமானுக்கு 1,500 ரூபாயா?

போன வாரம் எங்கள் தெருமுனையில் இருக்கிற கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் ஒரு பெரியவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "சாமான் எதுவும் மாத்தலைன்னு நீயே சொல்ற, அப்புறம் எதுக்குப்பா 600 ரூபா?" கடைக்காரத் தம்பி பதில் பேசாமல் 300 வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மதுரையில் வீட்டிலிருந்தே டிடிபி வேலை பார்க்கிறவள். லேப்டாப் படுத்துக்கொண்டால் அன்றைக்கு வருமானம் இல்லை. ஆடி மாதம் ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் என் லேப்டாப் ஆன் ஆகவே இல்லை, சார்ஜர் லைட் கூட எரியவில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டோக்கன் கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் போனில் சொன்னார்கள்: மதர்போர்டு (எல்லாச் சாமானும் பொருந்தியிருக்கிற மெயின் போர்டு) போயிடுச்சு, மாத்தணும், 23,000 ரூபாய், 2 வாரம் ஆகும், உள்ளே இருக்கிற டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லை. பாதி முடித்த ஒரு ஆய்வேடும் மூன்று கல்யாணப் பத்திரிகையும் அதற்குள் கிடந்தன.

திரும்ப வாங்கிக்கொண்டு இந்தத் தம்பியிடம் வந்தேன். "உட்காருங்கக்கா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று என் கண் முன்னால்தான் கழற்றினார். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எந்த இடத்தில் எடுத்தாரோ அதே வரிசையில் ஒரு காகிதத்தில் வைத்தார். கரண்ட் சோதிக்கிற மல்டிமீட்டரை வைத்ததும் பீப் சத்தம். "ஷார்ட் ஆகியிருக்குக்கா, ஆனா எதுன்னு தேடணும்." போர்டு முழுக்க ஆல்கஹாலைத் தடவி, சின்ன பவர் சப்ளையில் ஒரு வோல்ட் மட்டும் வைத்துக் கொடுத்து, "எந்த இடம் முதல்ல காயுதுன்னு நீங்களும் பாருங்க" என்றார். போர்டு பூராவும் ஈரமாகப் பளபளத்துக்கொண்டிருக்க, ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு புள்ளி சட்டென்று காய்ந்துபோனது. கரண்ட் எல்லாம் அது வழியாகவே குறுக்கு வழியில் ஓடுவதால் அது மட்டும் சூடாகிறதாம். எள்ளை விடச் சின்ன ஒரு கெபாசிட்டர், கரண்ட்டைக் கொஞ்சம் சேமித்துச் சீராக்குகிற சாமான்! அதை எடுத்துவிட்டு, செத்துப்போன வேறு போர்டிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். சார்ஜர் லைட் எரிந்தது. 1,500 ரூபாய். எடுத்த கெபாசிட்டரை செல்லோடேப்பில் ஒட்டி என் கையில் கொடுத்தார், இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த கெபாசிட்டர் சில ரூபாய்கூடப் பெறாது. நூற்றுக்கணக்கில் இருக்கிற சாமான்களில் எது போனது என்று கண்டுபிடித்தாரே, அதற்குத்தான் நான் காசு கொடுத்தேன். சர்வீஸ் சென்டரில் இருப்பவர்களுக்கு வேலை தெரியாது என்று சொல்ல வரவில்லை, அங்கே போர்டை முழுசாக மாற்றுவதுதான் முறை, அவர்கள் கையில் எதுவும் இல்லை. இந்தத் தம்பி மாதிரிச் சின்னக் கடைக்காரர்களோ போர்டின் வரைபடம்கூடக் கம்பெனியிடமிருந்து கிடைக்காமல், பழைய போர்டுகளை வைத்துக்கொண்டு தானாகவே கற்றுக்கொண்டவர்கள். 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தது, நல்ல விஷயம்தான். ஆனால் "எங்க டேபிளுக்கு இன்னும் எதுவும் வரலக்கா" என்கிறார் தம்பி.

எல்லாச் சின்னக் கடையும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். சில வருஷம் முன்னால் வேறொரு கடையில் கொடுத்து வாங்கியபோது 8 ஜிபி ரேம் 4 ஜிபி ஆகியிருந்தது, ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன், நிரூபிக்க வழியில்லை. அதிலிருந்து கொடுப்பதற்கு முன் ரேம், ஹார்ட் டிஸ்க் விவரத்தை போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேன், நீங்களும் செய்யுங்கள். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நாம் கேட்காமலேயே கிராக் செய்த, அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்த, விண்டோஸும் ஆபீஸும் போட்டுக் கொடுக்கிற பழக்கம் நிறையக் கடைகளில் இருக்கிறது. அந்த கிராக் ஓடுவதற்காக ஆன்டிவைரஸை நிறுத்தி வைக்கிறார்கள், அதே கம்ப்யூட்டரில்தான் நாம் பேங்க் கணக்கையும் திறக்கிறோம். இந்தத் தம்பியிடமும் இதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறேன், இப்போது கேட்டுவிட்டுத்தான் போடுகிறார்.

சரி, அந்தப் பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் போன பிறகு என்ன பழுது என்று கேட்டேன். டிஸ்ப்ளே வராமல் பீப் சத்தம் மட்டும் வந்த டெஸ்க்டாப். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, ஸ்லாட்டைச் சுத்தம் செய்து, திரும்ப நின்றுவிடுகிறதா என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். மதர்போர்டு போச்சு என்று சொல்லி 5,000, 6,000 வாங்கியிருந்தால் பெரியவர் சத்தமே போட்டிருக்க மாட்டார், கொடுத்துவிட்டுப் போயிருப்பார். உண்மையைச் சொன்னதால்தான் தம்பிக்குப் பாதிக் கூலி போனது.

ஐயாவின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ யாராவது இதைப் படித்தால், அந்த 300 ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். கடை ராத்திரி 9 மணி வரைக்கும் திறந்திருக்கும்.