வெட்டவே விடாத கம்ப்யூட்டரோடு ஒரு சீட்டாட்டம்

சீட்டாட்டத்தில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. கலைக்கிறவன் ஒருத்தன், வெட்டுகிறவன், அதாவது கட்டை இரண்டாகப் பிரித்து மாற்றி வைக்கிறவன், இன்னொருத்தன். செவ்வாய்ப்பேட்டைத் திண்ணையில் ரம்மி ஆடினாலும் சரி, ஏற்காட்டு எஸ்டேட் குவார்ட்டர்ஸில் ஆடினாலும் சரி, கட்டைக் கலைத்தவன் அதைப் பக்கத்து ஆள் முன்னால் வைப்பான். பக்கத்து ஆள் பாதித் தூக்கத்தில் இருந்தாலும் ஒரு விரலால் கட்டைத் தட்டியாவது விடுவான். வெட்டக் கொடுக்காமல் சீட்டு போட ஆரம்பித்தால் அங்கே ஆட்டம் நடக்காது, சண்டைதான் நடக்கும்.

அந்த மரியாதைகூடத் தெரியாத ஒரு கேசட்டிடம் மாட்டிக்கொண்டு நான் படும் பாடு இருக்கிறதே!

மெஷின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்கிற பழைய வீட்டுக் கம்ப்யூட்டர். 1982-ல் இங்கிலாந்தில் வந்தது. 48 கே மெமரி, ரப்பர் பட்டன், கேசட்டில் இருந்து புரோகிராம் ஏற்றி டிவியில் பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு பழைய டப்பா டிவி வைத்திருக்கிறேன். ஏற்காட்டில் மழைக்காலச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெளியே போய் என்ன செய்வது? பனி இறங்கிவிட்டால் ஒண்டிக்கடை ரவுண்டானாவே கண்ணுக்குத் தெரியாது. அதனால் சாலிட்டேர்.

ஒண்டியாக ஆடுகிற ஆட்டத்தில் எதிராளி எங்கே வந்தான் என்று கேட்பீர்கள். இந்த கேசட்டில் மெஷின்தான் பேங்க். கட்டுக்கு 52 பவுண்டு கட்ட வேண்டும். ஏஸில் தொடங்கி வரிசையாக மேலே ஏற்றுகிற ஒவ்வொரு சீட்டுக்கும் 5 பவுண்டு திருப்பித் தரும். விண்டோஸ் சாலிட்டேரில் டாலரில் வருமே வேகாஸ் கணக்கு, அதேதான். நான் ரூபாயாக நினைத்துக்கொள்கிறேன், அப்போதுதான் வயிறு எரியும். 11 சீட்டு ஏற்றிவிட்டால் 55 வந்துவிடும், மூன்று ரூபாய் லாபம். பத்தோடு நின்றால் 50, இரண்டு ரூபாய் நட்டம்.

நான் இரண்டு ரூபாய் நட்டத்தில் நிற்கிறேன். நேற்றும் அதே இரண்டு ரூபாய். அதற்கு முன்னாலும் அதே இரண்டு ரூபாய்.

ஏனென்றால் மெஷினை ஆன் செய்து கேசட்டை ஏற்றினால் முதல் ஆட்டத்துக்கு இது போடுவது எப்போதும் ஒரே கட்டு. முதல் வரிசையில் ஸ்பேட் ஏஸ் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அட, ஆரம்பமே ஏஸா என்று சந்தோஷப்பட வைக்கும். இரண்டாவது வரிசை மேலே ஆர்ட்டின் 10, அதற்கு அடியில் கவிழ்ந்து கிடப்பது ஸ்பேட் 5. திருப்பிப் பார்க்காமலே சொல்வேன். கிளாவர் ஏஸ் ஏழாவது வரிசையில் அடியோ அடியில். அதை வெளியே எடுக்க வேண்டும் என்றால் மேலே இருக்கிற கறுப்பு ராஜா நகர வேண்டும், ராஜா நகரக் காலி இடம் வேண்டும், காலி இடம் வேண்டும் என்றால் கிளாவர் ஏஸ் வெளியே வர வேண்டும். எந்த வழியில் போனாலும் பத்தாவது சீட்டோடு முட்டி நிற்கிறது.

"அப்புறம் என்ன, அடுத்த ஆட்டத்துக்குப் போங்க" என்று வீட்டில் சொல்கிறார்கள். அடுத்த ஆட்டத்துக்குப் போகிறவரைக்கும் கரண்ட் இருக்க வேண்டுமே! இது ஏற்காடு. காற்றடித்தால் சில்வர் ஓக் கிளை கம்பி மேல் விழும், கரண்ட் போகும். மின்னல் வெட்டினால் போகும். ஒன்றுமே நடக்காவிட்டாலும் சும்மா ஒரு தடவை போய்விட்டு வரும். இன்வெர்ட்டர் இல்லையா என்று கேட்காதீர்கள், இருக்கிறது. லைன் போய் இன்வெர்ட்டர் எடுக்கிற கண் சிமிட்டும் நேரம் ஃபேனுக்குத் தெரியாது, ஸ்பெக்ட்ரமுக்குத் தெரியும். மெமரி மொத்தமும் துடைத்துவிட்ட மாதிரி போய், முதல் திரை வந்து நிற்கும்.

மறுபடி கேசட்டைப் பின்னால் சுற்றணும். லோட் அடித்து, ப்ளே அழுத்தணும். திரை ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக ஓடும், அப்புறம் நீலமும் மஞ்சளும். கூடவே காதைக் கிழிக்கிற கீச்சுச் சத்தம். நாலு நிமிடம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கடைசியில் 'ஆர் டேப் லோடிங் எரர்' என்று வந்து நிற்கும். மலை ஈரத்துக்கு டேப்பில் பூஞ்சை பிடிக்கும், பிளேயரின் பெல்ட் இளகும். பெல்ட் வாங்க 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போக வேண்டும். சரி, அதெல்லாம் பழைய பொருள் வைத்திருப்பவன் தலையெழுத்து, அதைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். ஸ்க்ரூடிரைவரால் ஹெட்டைத் திருகி, திரும்ப ஏற்றி, ஒருவழியாக ஆட்டம் வந்தால், யார் நிற்கிறது? ஸ்பேட் ஏஸ். பக்கத்தில் ஆர்ட்டின் 10.

நான் ஸ்பெக்ட்ரமைக் குறை சொல்ல மாட்டேன். அது செய்வதை மறைக்காமல் செய்கிறது. அதற்குத் தானாகச் சீட்டுக் கலைக்கத் தெரியாது. ஒரு விதை எண்ணை வைத்துக்கொண்டு, அதோடு ஒன்றைக் கூட்டி, 75-ஆல் பெருக்கி, 65537-ஆல் வகுத்து, மீதியில் ஒன்றைக் கழித்து அடுத்த எண்ணைப் பிடிக்கும். அதை 65536-ஆல் வகுத்து 'இந்தா, குருட்டாம்போக்கான எண்' என்று கொடுக்கும். ஆன் செய்த நொடியில் விதை சுழியம். ஆகவே முதலில் வருவது 74-ஐ 65536-ஆல் வகுத்த எண், 0.0011291504. உலகத்தில் எந்த ஸ்பெக்ட்ரமை இப்போது ஆன் செய்து கேட்டாலும் இதே எண்தான். 52 சீட்டுக்கு அதைப் பெருக்கிப் பார்த்தால் முதல் சீட்டு, ஸ்பேட் ஏஸ். அடுத்த எண் 0.0858 சொச்சம், ஐந்தாவது சீட்டு, ஸ்பேட் 5. அதற்கடுத்தது 0.437 சொச்சம், இருபத்து மூன்றாவது சீட்டு, ஆர்ட்டின் 10. பேப்பரும் பேனாவும் வைத்துப் போட்டுப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. என் தலைவிதி என்று நினைத்துக்கொண்டிருந்தது கடைசியில் ஒரு பெருக்கல் கணக்கு!

இதைத் தடுக்க ஒரு கட்டளை இருக்கிறது. ராண்டமைஸ். ஸ்பெக்ட்ரமுக்குள் ஒரு கவுன்ட்டர், நொடிக்கு 50 தடவை ஏறிக்கொண்டே இருக்கும். ராண்டமைஸ் என்று சொன்ன நொடியில் அந்த கவுன்ட்டரில் என்ன ஓடுகிறதோ அதை விதையாக எடுத்துக்கொள்ளும். நான் பட்டனை அரை நொடி முன்னால் தட்டினால் ஒரு கட்டு, அரை நொடி பின்னால் தட்டினால் வேறு கட்டு. புரிகிறதா? அதுதான் வெட்டு. மெஷின் கலைக்கும், என் விரல் வெட்டும். திண்ணையில் நடப்பது போலவே நியாயமான ஏற்பாடு. அதைச் செய்து வைத்த புண்ணியவான்கள் வாழ்க.

ஆனால் இந்த கேசட்டை எழுதிய மகராசன் அந்த ஒரு வரியைப் போடவில்லை.

ஒரு வரி. அதுவும் முழுசாக எழுதக்கூட வேண்டாம். ஸ்பெக்ட்ரமில் டி (T) பட்டனை ஒரு தட்டு தட்டினால் அந்த வார்த்தை முழுவதும் திரையில் வந்து விழும். அந்த ஒரு தட்டுக்கு அவருக்கு உடம்பு வணங்கவில்லை. புரோகிராமை பிரேக் போட்டு நிறுத்தி உள்ளே போய்ப் பார்த்தேன், பேசிக் மொழியில் எழுதியதுதான். மற்ற எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அதுதான் இன்னும் எரிச்சல். 52-ல் ஒரு சீட்டை எடுக்கும், ஏற்கெனவே எடுத்த சீட்டு என்றால் விட்டுவிட்டு வேறு எடுக்கும். இழுத்து இழுத்துப் போடும் முறைதான், 52 சீட்டும் வந்து சேர சராசரியாக 236 தடவை எடுத்துப் பார்க்க வேண்டும், கடைசிச் சீட்டுக்கு மட்டுமே சராசரியாக 52 தடவை. ஆனால் அதில் ஓரவஞ்சனை கிடையாது. நியாயமாகச் சீட்டு எடுக்கிற முறையை இவ்வளவு மெனக்கெட்டு எழுதியவர், விதையைப் போட மறந்திருக்கிறார்.

இதில் உச்சம் என்ன தெரியுமா? சீட்டு போடுவதற்கு முன்னால் திரையில் 'ஏதாவது ஒரு பட்டனை அழுத்தவும்' என்று வருகிறது. அழுத்துகிறேன். கட்டை என் முன்னால் வைத்து வெட்டச் சொல்லி, நான் வெட்டியதும் பழையபடியே அடுக்கி எடுத்துக்கொண்டு போகிறது. இதற்கு வெட்டச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற அக்கா பையன் லீவுக்கு வந்திருந்தான். "மாமா, இதுக்கு ஏன் டேப்போட மல்லுக்கட்டறீங்க? எமுலேட்டர் போடறேன், லேப்டாப்பே ஸ்பெக்ட்ரம் மாதிரி நடிக்கும், கரண்ட் போனாலும் நிக்காது" என்றான். போட்டான். டேப் இல்லை, சத்தம் இல்லை, நாலு நிமிடம் இல்லை. தட்டினான். ஸ்பேட் ஏஸ்! ஆர்ட்டின் 10! பின்னே? எமுலேட்டருக்குள் இருப்பதும் அதே ஸ்பெக்ட்ரம் மூளை, அதுவும் சுழியத்தில்தான் ஆரம்பிக்கும். பயல் அரைமணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, "மாமா, இரண்டு ரூபா லாஸ்" என்றான். எனக்கு மட்டும் இல்லை என்று ஒரு சின்ன ஆறுதல், பொய் சொல்வானேன்.

அப்புறம் போனைக் கையில் கொடுத்தான். அதில் ஒரு சாலிட்டேர் ஆப், 'ஜெயிக்கக்கூடிய கட்டு மட்டும்' என்று ஒரு வசதியோடு. நான் என்ன குழந்தையா, எனக்காக ஆள் வைத்துத் தோற்றுக் கொடுக்க? சாலிட்டேரில் முடியாத கட்டும் வரும். எல்லாச் சீட்டையும் திறந்து வைத்துப் பார்த்து ஆடினாலே, மூன்று மூன்றாகப் புரட்டுகிற ஆட்டத்தில் 100-க்கு 82 கட்டுதான் முடிக்கக்கூடியது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். மீதியில் தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறேன். எந்தக் கட்டு வரும் என்று எனக்கும் தெரியக் கூடாது, அதற்கும் தெரியக் கூடாது. கேட்பது அவ்வளவுதான். அந்த ஆப்பில் இரண்டு ஆட்டத்துக்கு ஒரு விளம்பரம் வேறு, அதைப் பற்றிப் பேசினால் இன்னொரு பதிவு ஆகும்.

ஒரே கட்டைத் திரும்பப் போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பழைய விண்டோஸில் ஃப்ரீசெல் என்கிற சீட்டாட்டம் ஆடியவர்களுக்குத் தெரியும். 1 முதல் 32,000 வரை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நம்பர். அதில் 11,982-ஆம் ஆட்டம் ஒன்றுதான் முடிக்க முடியாதது. ஆனால் அது நம்பரைத் திரையிலேயே எழுதிக் காட்டும். இது இந்தக் கட்டு என்று தெரிந்தே உட்காருகிறோம். இந்த கேசட்டோ 'சீட்டு கலைக்கப்படுகிறது, காத்திருக்கவும்' என்று எழுதிக் காட்டுகிறது. கலைக்கிறதாம்!

இதோடு 'ஸ்பெக்ட்ரமில் ராண்டமைஸ் போட்டாலும் 65,536 விதைதானே, உண்மையான கட்டில் 8-க்குப் பின்னால் 67 சுழியம் போட்ட அளவுக்கு வரிசை இருக்கிறதே' என்று யாராவது கணக்கோடு வருவீர்கள். வாங்க. ஒரு நாளைக்குப் பத்து ஆட்டம் ஆடினாலும் அந்த 65,536 தீர 17 வருஷத்துக்கு மேல் ஆகும். எனக்கு அது போதும், ரொம்ப தாராளம். இப்போது என் கையில் இருப்பது ஒன்று.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், ஒவ்வொரு தடவை கேசட் ஏறியதும் பிரேக் போட்டு, அந்த வரியை நானே சேர்த்து, ரன் கொடுக்கிறேன். நிரந்தரமாகச் சேமிக்கலாம் என்றால் என் பிளேயரில் ரெக்கார்டு பட்டன் செத்துவிட்டது. கரண்ட் போனால் மறுபடி டேப், மறுபடி கீச்சுச் சத்தம், மறுபடி டி பட்டன். வேறொருவர் செய்யாமல் விட்ட ஒரு தட்டை அவருக்காக நான் தினம் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

கேசட் விற்றவருக்குப் போன் போட்டு இவ்வளவையும் பொறுமையாக விளக்கினேன். விதை, 75, 65537, கவுன்ட்டர், எல்லாம். முழுசாகக் கேட்டுவிட்டு, "முதல் சீட்டே ஏஸ் வருதுங்களா? அப்ப ராசியான கேசட்டுங்க சார், கொடுக்கறதா இருந்தா சொல்லுங்க, நானே திருப்பி எடுத்துக்கறேன், பாதி விலைக்கு" என்றார்.