பெருமாளுக்கு முன்னாடி நீயா?

2018-ல் பிரிட்டன் மாஸ்டர்செஃப் சமையல் போட்டி நிகழ்ச்சியில் மலேசியாவில் பிறந்த ஒரு பெண் நாசி லெமாக் என்ற தேங்காய்ப் பால் சோற்றோடு கோழி ரெண்டாங் சமைத்து வைத்தார். தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று குறை சொன்னார் நடுவர் கிரெக் வாலஸ். அந்தப் பெண் போட்டியிலிருந்து வெளியேறினார். தேங்காய்ப் பாலில் வெந்து வற்றும் கோழிக்கு மொறுமொறு தோல் எங்கிருந்து வரும்? மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் அதிசயமாக ஒரே கட்சியில் நின்று திட்டின. தமிழர்கள் நாமும் விடவில்லை.

திட்டி முடித்துவிட்டு, நம் வீட்டு அடுப்படியில் அதே நடுவர் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் பெருமாளுக்குப் படைக்கும் தளிகை. சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, தயிர்சாதம், சுண்டல், வடை. தீபாராதனை முடியும்வரை எதையும் யாரும் வாயில் வைக்கக் கூடாது, சமைப்பவர் உட்பட. அம்மா உப்பை உள்ளங்கையில் அள்ளி, ஒரு கணம் பார்த்துவிட்டுப் போடுவார். போட்டதும் "புளியோதரைக்கு உப்பு போட்டாச்சு" என்று கூடத்துக்கே கேட்கிற மாதிரி சொல்வார், வேறு யாரும் இன்னொரு தடவை போட்டுவிடக் கூடாதே. புளிக்காய்ச்சலில் எண்ணெய் பிரிந்து மேலே வந்தால் இறக்கிவிடுவார். எல்லாம் கண்ணும் மூக்கும்தான், நாக்குக்கு அங்கே வேலையே இல்லை.

தொலைக்காட்சியில் சட்டம் நேர் எதிர். ருசி பார்க்காமல் தட்டை நீட்டுபவருக்கு நடுவரிடம் வசவு நிச்சயம். உயர்நிலை மூன்றில் படிக்கும் அண்ணன் மகள் இந்த நிகழ்ச்சிகள் பார்த்தே சமைக்கப் பழகியவள். போன புரட்டாசியில் கரண்டியைச் சர்க்கரைப் பொங்கலில் விட்டாள்.

"ருசி பாக்காம எப்படிப் பாட்டி தெரியும்?"

"பெருமாளுக்கு முன்னாடி நீயா?"

அவள் கேட்டது நியாயமான கேள்விதான். பிறருக்குப் பரிமாறும் முன் சரிபார் என்பதில் என்ன தப்பு? ஆனால் படையலில் முதல் வாய் நம்முடையது இல்லை. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் இனிப்புச் சோறு. அதை எந்த நாளிலும் சாப்பிடலாம், மேலே ஐஸ்கிரீமும் வைக்கலாம்.

தைப் பொங்கலும் இப்படித்தான். பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் சமையல் போட்டியில் கவனக்குறைவு. நமக்கோ, வழியத்தான் பானையே வைக்கிறோம். இங்கே சிங்கப்பூரில் அன்று பொது விடுமுறை கிடையாது. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் வாங்கிய மஞ்சள் கொத்தைக் கட்டி, வேலைக்குப் போகும் முன் கேஸ் அடுப்பில் பொங்கவிட்டு, துடைத்துவிட்டு ஓடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

சரி, இந்தச் சமையல் நிகழ்ச்சிகளில் நல்லதே இல்லையா? இருக்கிறது. குக்கு வித் கோமாளி வந்த பிறகு எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் வெங்காயம் நறுக்குகிறார்கள். மாஸ்டர்செஃப் சிங்கப்பூரில் சமையல் கலைஞர் டேமியன் டி'சில்வா போன்ற ஒருவர் நடுவராக உட்கார்ந்ததால், பாட்டி காலத்து யுரேஷிய (ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வழியினரின்) சமையலுக்கும் மதிப்பு இருக்கிறது என்று பலர் கவனித்தார்கள். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்களில் பெரிய தேக்சாவில் கிண்டும் கஞ்சியைப் படம்பிடித்துக் காட்டினால் மற்றவர்களுக்கும் தெரியவரும். அதற்கு மதிப்பெண் மட்டும் போடாதீர்கள், போதும்.

வசந்தம் தொலைக்காட்சியில் யாராவது இதைப் படித்தால் ஒரு யோசனை: புரட்டாசிக்கு ஒரு சமையல் போட்டி வையுங்கள். போட்டியாளர்கள் கடைசிவரை ருசி பார்க்கக் கூடாது. நடுவர்களும் தீபாராதனை முடியட்டும் என்று பசியோடு காத்திருக்க வேண்டும். எங்கள் அம்மாவை நான் அழைத்து வருகிறேன்.