மூணு கவுன்ட்டர், ஒரே ஒரு ஆள்

அம்மாவோட பென்ஷன் விஷயமா வியாசர்பாடியிலருந்து ரெண்டு பஸ் மாறிப் போனேன். மத்திய அரசு ஆபீஸ். மூணு கவுன்ட்டர்ல ரெண்டுல கண்ணாடிக்குப் பின்னாடி அட்டைப்பெட்டிதான் அடுக்கியிருக்கு. மூணாவதுல ஒரே ஒரு அம்மா. ஃபார்ம் பார்க்கறது, சீல் குத்தறது, போன் எடுக்கறது எல்லாமே அவங்கதான். ஒன்றரை மணி நேரம் கால் கடுக்க நின்னேன். மணி மூணு ஆச்சு, அவங்க டிபன் பாக்ஸ் திறக்காம அப்படியே மேஜை மேல இருக்கு. அவங்க மேல எப்படிங்க கோபப்படறது?

கோபமெல்லாம் ஆள் எடுக்காதவங்க மேலதான். 2021 மார்ச் நிலவரம்னு நாடாளுமன்றத்துல சொன்ன கணக்கு: மத்திய அரசோட 40.35 லட்சம் பணியிடத்துல 9.79 லட்சம் காலி. கிட்டத்தட்ட நாலுல ஒண்ணு!

இந்தப் பக்கம் தண்டையார்பேட்டையில எங்க அக்கா பையன் எஸ்.எஸ்.சி. (மத்திய அரசு வேலைக்கு ஆள் எடுக்கற தேர்வாணையம்), ரயில்வே, பேங்க்னு தனித்தனியா பரீட்சை எழுதியே ஓய்ஞ்சு போறான். இது மூணுக்கும் முதல் கட்டமா ஒரே பொதுத்தேர்வு, மாவட்டத்துக்கு ஒரு மையமாவது, மார்க் 3 வருஷம் செல்லும்னு 2020 ஆகஸ்ட்லயே மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்தது. 1,517 கோடி ரூபாய் திட்டம். அப்போ அவன் காலேஜ் கடைசி வருஷம். வயசு ஏறிக்கிட்டே போகுது, அந்தத் தேர்வு இன்னும் வந்தபாடில்லை.

அதே வருஷம் செப்டம்பர்ல, வேலையில இருக்கறவங்களுக்குப் பயிற்சி குடுக்க கர்மயோகி திட்டம் வந்தது. நல்ல திட்டம்தான். ஆனா சாப்பிடவே நேரமில்லாத அந்தம்மா எப்போ உட்கார்ந்து படிப்பாங்க? முதல்ல அந்த அட்டைப்பெட்டியை எடுத்துட்டு ரெண்டு பேரை உட்கார வைங்க.