திங்கட்கிழமை குழி வெட்டாதவர்கள்

அயர்லாந்துக் கிராமங்களில் திங்கட்கிழமை புதைகுழி வெட்ட ஆரம்பிக்க மாட்டார்கள். ஆகாது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனவரை என்ன செய்வது? ஞாயிறு பொழுது சாய்வதற்குள் யாராவது போய் ஒரு மண்வெட்டி மண்ணைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்துவிடுவார். வேலை ஞாயிறே தொடங்கியாயிற்று, திங்களன்று நடப்பது மிச்ச வேலை!

'மூடநம்பிக்கை' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறவர்கள் இந்தச் சந்துகளைக் கவனிப்பதே இல்லை. எனக்கு விதியைவிட அதில் விட்டுவைத்த சந்துதான் சுவாரசியம்.

1937 முதல் 1939 வரை அங்கே சுமார் 50,000 பள்ளிப் பிள்ளைகள் இப்படிப்பட்ட நம்பிக்கைகளையும் கதைகளையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிவந்தார்கள். அதெல்லாம் இப்போது டூகஸ் (dúchas.ie) என்ற அயர்லாந்து நாட்டார் வழக்காற்று இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ராத்திரி திறந்துவிடாதீர்கள், தூக்கம் போய்விடும்.

டிசம்பர் 28, பைபிளில் வரும் ஏரோது மன்னன் கொன்ற குழந்தைகளை நினைக்கும் திருநாள். அது எந்தக் கிழமையில் வருகிறதோ, அடுத்த வருஷம் முழுக்க அந்தக் கிழமையில் கல்யாணம், குடிபோவது, புது வேலை எதுவும் கூடாது. 2025இல் அது ஞாயிறு. எப்படியும் வயலில் இறங்காத கிழமை, பிழைத்தார்கள்!

ஆனால் மே முதல் தேதி விளையாட்டில்லை. அன்று பால், வெண்ணெய், உப்பு, அடுப்புக் கங்கு எதுவும் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. விடிகாலையில் அடுத்தவர் புல்வெளிப் பனியைத் துணியால் ஒற்றியெடுத்தே அந்த வருஷத்து வெண்ணெயை மந்திரத்தால் கவர்ந்துவிடலாம் என்று நம்பினார்கள். ஊரில் முதல் புகை தன் வீட்டுக் கூரையில் எழக்கூடாதென்று அடுப்பைத் தாமதமாக மூட்டியவர்களும் உண்டு.

இவ்வளவு பயம் ஏன்? பல வீடுகளில் வெண்ணெய் தின்பதற்கல்ல, விற்பதற்கு. மிடாவில் அடைத்துக் கார்க் நகரச் சந்தைக்கு அனுப்பி, வந்த காசில் குத்தகை கட்டினார்கள். அரையாண்டுக் குத்தகைக்கு வழக்கமான கெடு மே 1, நவம்பர் 1. வெண்ணெய் திரளவில்லையென்றால் வீடே போகும். பயம் சரியான நாளில்தான் உட்கார்ந்திருந்தது.

சந்தேகம்தான் தப்பான வாசலுக்குப் போனது. பசு மடியில் பால் குடித்த முயலைச் சுட்டு, ரத்தத் தடத்தைப் பின்தொடர்ந்தால், குடிசைக்குள் காலில் காயத்தோடு ஒரு கிழவி. இந்தக் கதை ஊருக்கு ஊர் இருக்கிறது. நான் படித்த எதிலும் ஒரு நிலச்சுவான்தார்கூட முயலாக மாறவில்லை. வெண்ணெய்க் காசு போய்ச் சேர்ந்ததென்னவோ அவரிடம்தான்.

இங்கும் சந்து வைத்தார்கள் என்பது ஒரு ஆறுதல். பால் கொடுத்தே ஆகவேண்டுமென்றால் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கொடுத்தார்கள். கடையும் நேரத்தில் யார் உள்ளே வந்தாலும், ஊர்பேர் தெரியாதவரானாலும், வெண்ணெய் அவரோடு போய்விடாமலிருக்க மத்தைப் பிடித்து நாலு தரம் குத்திவிட்டுத்தான் போகவேண்டும். கடைகிறவளுக்குக் கை ஓய்ந்திருக்கும் வேறு!