முதலில் அந்தப் பையனை உட்காரச் சொல்லுங்கள்

நேற்றிலிருந்து அந்தக் காணொளியை எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. எது என்று உங்களுக்கே தெரியும். பள்ளியைப் பார்வையிடப் போன பெரிய மனிதர் ஏழாம் வகுப்புப் பையனை எழுப்பி, "புரவின்னா என்ன? வேழம்னா? இயம்புன்னா?" என்று அடுக்குகிறார். பையன் சட்டை நுனியைத் திருகுகிறான். பின்னால் யாரோ சிரிக்கிறார்கள். கீழே நம் ஆட்களின் தீர்ப்பு: தினமும் பத்துச் சொல் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைக்க வேண்டுமாம்.

பட்டியலால் சொல் வராது. பதினெட்டு வருஷமாகத் தமிழாசிரியராக இருப்பவள் சொல்கிறேன், வராது.

கணக்குப் போட்டே பார்ப்போம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் சொற்கள். நாளுக்குப் பத்து, வருஷத்துக்கு 200 நாள் என்றால் 50 வருஷத்துக்கு மேல் ஆகும். பையன் முடிக்கும்போது பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பான்.

"அகராதி முழுக்கவா கேட்டோம் டீச்சர்?" என்பீர்கள். சரி, நூறு சொல்லே போதும். அந்த நூறும் வெள்ளிக்கிழமைத் தேர்வு வரைக்கும் இருக்கும். திங்கட்கிழமை கேட்டுப் பாருங்கள்.

ஒருநாள் ஆறாம் வகுப்பில் வாசிப்பு இயக்கப் புத்தகம் ஒன்றைப் படித்துக் காட்டினேன். 'தயங்கினான்' என்று ஓரிடத்தில் வந்தது. பொருள் எழுதிப் போடாமல், "நீங்க எப்பல்லாம் தயங்கியிருக்கீங்க?" என்று கேட்டேன். "கூச்சம்தானே டீச்சர்?" என்றான் ஒருவன். அதுவரை என்னிடம் வாயே திறக்காத ஒரு பிள்ளை சட்டென்று, "இல்ல டீச்சர். அம்மா கடன் வாங்கிட்டு வரச் சொல்லுவாங்கல்ல, கடைக்காரர்ட்ட கேக்கறதுக்கு முன்னாடி சும்மா நின்னுக்கிட்டே இருப்பேன். அது" என்றாள். அதற்கு மேல் நான் என்ன விளக்குவது? அந்த வாரம் முழுக்க, "தயங்காம குடுறா" என்று ஒருவன் பென்சிலை ஒருவன் பிடுங்கிக்கொண்டிருந்தான். அப்புறம் அதே சொல் வேறொரு கதையில் வந்தது, அவர்களே எழுதிய நாலு வரியில் வந்தது. திரும்பத் திரும்ப எதிரே வந்தால்தான் சொல் தங்கும். பட்டியலில் அது ஒரே ஒரு தடவைதான் வருகிறது.

"நம் முன்னோர் நிகண்டு மனப்பாடம் செய்யவில்லையா?" இதைக் கேட்டவர் நான் மதிக்கிற மனிதர், அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். செய்தார்கள். திண்ணைப் பள்ளியில் சூடாமணி நிகண்டை ஒப்பித்தார்கள். நிகண்டு என்பது செய்யுளில் எழுதிய அகராதி ஐயா, எதுகையும் மோனையும் இழுத்துக்கொண்டு போகும். அதோடு விட்டுவிடவும் இல்லை. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று மேலே பாடம் கேட்டவர்கள் நிகண்டில் படித்த சொல்லை அங்கே ஆளோடு பேரோடு பார்த்தார்கள். நமக்கு ஒப்பிப்பது மட்டும் வேண்டும், வாசிக்க ஒரு பீரியட் கேட்டால் சிலபஸ் முடியாது.

பழமைதான் வேண்டும் என்றால் தொல்காப்பியரிடமே போவோம். சொற்களின் பொருளைச் சொல்லும் உரியியலின் முதல் நூற்பாவிலேயே 'பயிலாதவற்றைப் பயின்றவை சார்த்தி' என்கிறார். தெரியாத சொல்லைத் தெரிந்ததோடு சேர்த்துச் சொல்லிக் கொடு, அவ்வளவுதான். பயணப்படி கூட வாங்காமல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எங்கள் சிவகங்கைப் பக்கம் அய்யனாருக்குப் புரவியெடுப்பு நடக்கும். மண்குதிரைகளைத் தோளில் சுமந்துகொண்டு ஊரே போகும். "புரவியெடுப்புல எதைத் தூக்கிட்டுப் போறாங்க?" என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கூடக் கத்திச் சொல்லும். அந்தப் பையனின் ஊரிலும் இப்படி ஏதாவது ஒன்று இல்லாமலா இருக்கும்? அரை நிமிஷ வேலை. ஆனால் அந்த அரை நிமிஷத்தில் காணொளி கிடைக்காதே.

"வேலை செய்யாத டீச்சருக்கு நூறு சாக்கு." இப்படிப் பின்னூட்டம் போட்டவருக்கு வணக்கம். எமிஸ் என்கிற பள்ளி விவர இணையதளத்தில் பதிவை முடித்துவிட்டு வந்து பேசுகிறேன்.

அந்தப் பையனும் பதிலுக்கு ஏரி, வயல் பக்கச் சொல்லாகப் பார்த்து, "கலுங்குன்னா என்ன சார்? பரம்பு எதுக்கு அடிக்கிறாங்க?" என்று கேட்டிருக்கலாம். கேட்க மாட்டான், நிற்க வைத்தவர் பெரியவர். தெரியாத சொல்லை இனி அவன் யாரிடமாவது வாய்விட்டுக் கேட்பானா என்பதுதான் என் கவலை. பெற்றோரிடம் கேட்டுத்தான் முகத்தோடு போட்டார்களா? எடுத்துவிடுங்கள் என்று நேற்றே கேட்டேன். 'நல்ல எண்ணத்தில்தான் போட்டோம்' என்று பதில், கூடவே கைகூப்புகிற படம் ஒன்று.

பின்னூட்டத்தில் அந்த இணைப்பை யார் போட்டாலும் நட்பிலிருந்து நீக்கிவிடுவேன். சொந்தக்காரர் என்றெல்லாம் பார்க்க மாட்டேன். சித்தப்பா, உங்களையும் சேர்த்துத்தான்.