விக்ராந்த் கொதிகலன் அறையில் நின்ற மனிதர்

காலமான களியக்காவிளைப் பெரியவரைப் பற்றிய குறிப்பில், 1971 போரில் இந்தியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தில் ஸ்டோக்கராக, அதாவது கொதிகலன்களைக் கவனிக்கும் மாலுமியாக இருந்தார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவோ இருக்கிறது.

கப்பலில் நான்கு கொதிகலன்கள். ஒன்றில் விரிசல் விழுந்திருந்ததால் மூன்றை வைத்தே வங்கக் கடலில் ஓட்டினார்கள். வேகம் குறைந்தால் விமானத் தளத்தின் மேல் எதிர்காற்று குறையும். விமானம் தளத்திலிருந்து மேலெழும்புவது சிரமம். அப்படியும் டிசம்பர் 4 அன்று கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) காக்ஸ் பஜார் வரை ஸீ ஹாக் போர் விமானங்கள் பறந்தன என்றால், கீழே நீராவி அழுத்தம் இறங்காமல் காத்தவர்களுக்கும் அதில் பங்குண்டு. கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் இறங்கினால் குழாய்கள் கருகும். ஏறினால் நீராவியோடு தண்ணீர் போய் டர்பைன் இலைகளை அடிக்கும். புகை கறுத்தால் காற்று போதவில்லை, வெளுத்தால் காற்று அதிகம். வாட்ச் எனும் பணிமுறை நேரம் முழுக்க அந்தச் சூட்டில் இதே கவனம்.

அவர் குடும்பத்தாருக்கு ஒன்று. இறப்பு நடந்தது திருவனந்தபுரம் மருத்துவமனையில் என்பதால் சான்றிதழ் அங்குள்ள உள்ளாட்சியில்தான் கிடைக்கும், களியக்காவிளையில் அல்ல. வாங்கும்போதே பெயர், இனிஷியல் எல்லாம் பென்ஷன் ஆணையில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். கேரள எல்லைப் பக்கத்தில் மலையாள எழுத்துக்கூட்டலால் ஓரெழுத்து மாறி, ஸ்பர்ஷ் என்ற படைத்துறை ஓய்வூதிய இணையதளத்தில் குடும்ப ஓய்வூதியம் தடைபடுவது இங்கேதான். அம்மாவின் ஆதார், வங்கிப் புத்தகம், பென்ஷன் ஆணை மூன்றையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பெரியவருடைய இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டையை ஒப்படைக்கும்போது அம்மாவின் அட்டையைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அம்மாவுக்கு மருத்துவ உரிமை தொடரும்.