கீசரை நாள் முழுக்க ஆனில் வைத்தால் கரண்ட் மிச்சமா?

கீசரை அடிக்கடி போட்டு அணைப்பதைவிட நாள் முழுக்க ஆனிலேயே விட்டால் கரண்ட் குறைவாகச் செலவாகும் என்று சிலர் சொல்வதுண்டு. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் தொட்டி உள்ள கீசரில் நடப்பது நேர்மாறு.

கீசருக்குள் இருப்பது வெறும் ஹீட்டிங் காயில். மோட்டார் மாதிரி ஸ்விட்ச் போட்டதும் அதிகமாக இழுக்காது. 2000 வாட் என்றால் எப்போது போட்டாலும் கிட்டத்தட்ட அதே 2000 வாட்தான். 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 0.6 யூனிட் ஆகும். குளித்து முடித்ததும் அணைத்தால் செலவு அதோடு நிற்கும். ஆனிலேயே விட்டால் தொட்டிச் சுவர் வழியாகச் சூடு கசிந்துகொண்டே இருக்கும், அதை ஈடுகட்ட காயில் மறுபடி மறுபடி ஓடும். தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் கசியும்.

நம்பிக்கை வரவில்லையா? சரி, நீங்களே பாருங்கள். காயில் ஓடும்போது மட்டும் எரியும் விளக்கு உங்கள் கீசரில் இருந்தால், அது அணைந்த பிறகு குழாயைத் திறக்காமல் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எடுக்காதபோதே அது மறுபடி எரியும். அப்புறம் கீசரில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளைப் பாருங்கள். சும்மா சூடாக வைத்திருப்பதற்கு மட்டும் 24 மணி நேரத்தில் எத்தனை யூனிட் வீணாகும் என்பது அதிலேயே அச்சிட்டிருக்கும்.